சிரித்த முகம் மட்டும் போதாது
ஓட்டல், சுற்றுலா, விளையாட்டுக் கூடம் என்றாலே ‘சிரித்த முகம் இருந்தால் போதும், வேலை தானாக வந்துவிடும்’ என்று இன்னும் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். பரிமாறுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நீச்சல்குளக் காவலரின் வேலை இன்னும் நுட்பமானது. மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதுமில்லை; அதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். இதயம் நின்றுவிட்டால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும். அந்த வேகம் காணொளி பார்த்து வராது, பயிற்சிப் பொம்மையின்மீது கை வலிக்க அழுத்திப் பழகினால்தான் வரும்.

‘சீசன் ஊழியர்தானே’ என்று பயிற்சியைச் சுருக்கும் முதலாளிகளே, பயிற்சி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். புதியவரை முதல் வாரமாவது அனுபவசாலி ஒருவருடன் சேர்த்து நிறுத்துங்கள்.