எத்தனை மெஷின் ஓடினால் போதும்?

துணியின் எடை பார்க்க ஒரு வட்டக் கத்தி உண்டு. ரப்பர் பாயின் மேல் துணியை விரித்து, கத்தியை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினால் நூறு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக ஒரு துண்டு விழும். தராசில் 1.6 கிராம் காட்டினால், நூறால் பெருக்கி 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம், என்று எழுதிக்கொள்வோம். திருப்பூரில் இந்தக் கத்தியோடு இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நடுவில் இரண்டரை வருடம் மட்டும் அது என் கையில் இல்லை.

2002-ல் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாகச் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் துணிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். துணி பின்னும் நிட்டிங், சாயப்பட்டறை, துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் என்று டிவிஎஸ் 50-ல் சுற்றுவதுதான் வேலை. பின்னலில் ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் அளவுதான் லூப் நீளம்; அது கொஞ்சம் கூடினால் துணி லேசாகிவிடும், குறைந்தால் கனத்துவிடும். துவைத்தால் எவ்வளவு சுருங்கும், பக்கத் தையல் எவ்வளவு முறுக்கிக்கொண்டு முன்னால் வரும் என்பதையெல்லாம் துணியைத் தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடும் பழக்கம் மெல்ல மெல்ல வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் மதியம் சாப்பிடவில்லை என்பதே நினைவுக்கு வரும்.

ஆனால் எங்கள் ஊரில் யாரும் கேட்கிற கேள்வி அதுவல்ல. "எப்ப சொந்தமா யூனிட் போடறே?" என்பதுதான். யூனிட் என்றால் சொந்தத் தையல் கம்பெனி. இந்த ஊர் வளர்ந்ததே அப்படித்தான். டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்க வந்தவர் டெய்லராகி, டெய்லர் கான்ட்ராக்ட் எடுத்து, கான்ட்ராக்டர் நாலு மெஷின் வாங்கிப் போட்டு முதலாளியான கதை தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. படிப்பு இல்லாதவருக்கும் கதவைத் திறந்துவிட்ட ஊர் இது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கனவு இருக்கிற இடத்தில், உன் கனவு என்ன என்று யாரும் கேட்பதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

2009 தொடக்கத்தில் வீட்டுக்காரியின் பதினான்கு பவுனை அடகு வைத்து, மச்சானோடு கூட்டுச் சேர்ந்து 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் வாடகைக் கட்டடத்தில் யூனிட் போட்டேன். தையல் மெஷினில் ஓவர்லாக் ஆறு, ஃபிளாட்லாக் நாலு, சிங்கர் இரண்டு. பூஜைக்கு எல்லோரையும் அழைத்திருந்தேன். பல வருடம் எனக்குத் துணி ஓட்டிக்கொடுத்த நிட்டிங் மாஸ்டரும் வந்திருந்தார். மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் கை வைத்தார்.

"நல்லா வரட்டும் தம்பி. எத்தனை மெஷின் ஓடுனாப் போதும்னு நெனச்சிருக்கறே?"

"ஓடற வரைக்கும் ஓடட்டுங்க மாஸ்டர்" என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜாப் ஒர்க் என்பது வேறு மாதிரியான வேலை. துணி அவர்களுடையது, வெட்டிக் கொடுப்பதும் அவர்கள். தைத்துக் கொடுப்பது மட்டும் நாம். டெய்லர் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும், பீஸ் ரேட் பேச வேண்டும், பில் பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். இதெல்லாம் தனித் திறமை. என் மச்சானுக்கு அது இருந்தது. நான் வந்த பண்டலைப் பிரித்து, காலர் ரிப்பின் கலரும் உடம்புத் துணியின் கலரும் ஒத்துப்போகிறதா என்று வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். ஆறு மணிக்குள் பணம் வாங்கி வர நான் கிளம்பினேன். போகிற வழியில்தான் மாஸ்டரின் நிட்டிங். அங்கே ஒரு சிங்கிள் ஜெர்சி துணியில் எடை நிற்கவில்லை என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். 30-ஆம் நம்பர் நூல், 160 வர வேண்டியது 148-ல் நின்றது. ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று உள்ளே போனேன். கோர்ஸ் எனும் கண்ணி வரிசையைப் பிரித்து நூல் நீளம் அளந்து, மெஷினைத் திருத்தி, மறுபடி ஓட்டி, சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மணி ஏழரை. பணம் தர வேண்டியவர் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

யூனிட்டுக்குத் திரும்பியபோது படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்லாக் ஓட்டும் ஒரு அம்மா மடியில் பிள்ளையைத் தூங்கவைத்திருந்தார். காலி டிபன் கேரியர் பக்கத்தில் இருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. "நாளைக்குக் காலைல தந்துருவீங்கள்லண்ணா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாக மச்சான்தான் எங்கெங்கோ கைமாற்று வாங்கி வந்து கொடுத்தான்.

2011 ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளையும் ப்ளீச்சிங் பட்டறைகளையும் மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். சாயம் ஏற்ற துணி வெளியூர் போக வேண்டியதாயிற்று, எங்களைப் போன்ற சின்ன யூனிட்டுகளுக்கு வேலை வருவது நின்றுபோனது. ஆகஸ்டில் மெஷின்களை விற்றோம். ஏன் மூடினாய் என்று கேட்டவர்களிடம் சாயப்பட்டறைப் பிரச்சினை என்றேன். ஊரே தவித்த நேரம், எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை உத்தரவு வருவதற்கு முன்பே நடந்தது. என் கால்கள் எந்தப் பக்கம் போயின என்பதற்கு எந்தக் கோர்ட்டும் பொறுப்பில்லை.

அப்போதுதான் மாஸ்டர் கேட்டது திரும்பி வந்தது. பன்னிரண்டு மெஷின் போதுமா, ஐம்பதா, நூறா? போதும் என்பதற்கு என்னிடம் கணக்கே இருக்கவில்லை. கணக்கு இல்லை என்றால், அது நான் விரும்பிய பொருளே இல்லை. ஒரு டி-சர்ட் ஆர்டருக்கு நூல் நம்பர், ஜிஎஸ்எம், டயா என்கிற துணி அகலம், கலர், சுருக்கம் எத்தனை சதவீதம் வரை போகலாம், ஷிப்மெண்ட் தேதி எல்லாம் எழுதி வாங்காமல் ஒரு கிலோ நூல்கூட நான் ஓட்டமாட்டேன். என் வாழ்க்கையில் பதினான்கு பவுனை ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதாமல் இறக்கியிருக்கிறேன். அதை நினைத்து இன்றைக்கும் வருத்தம் உண்டு. அந்த நகைகளில் பாதிதான் மீண்டது.

மறுபடி வேலைக்குப் போனேன். முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம், துணித் தர சோதனைக்கூடம். சேர்ந்த முதல் மாதம் ஒரு சின்ன வேலை செய்தேன். தினமும் ராத்திரி டைரியில் இரண்டே விஷயம்: இன்றைக்கு எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை, எந்த வேலையை நாளைக்குத் தள்ளிப்போட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தால் ஊர் சொல்வதுதான் வாயில் வருகிறது. செய்ததை எழுதினால் ஏமாற்ற முடிவதில்லை. முப்பது நாள் முடிந்து படித்தபோது, முதல் பத்தியில் எல்லாமே துணி. தள்ளிப்போட்டதெல்லாம் ஆட்களை வேலை வாங்குவதும் பணம் கேட்பதும்.

அதன் பிறகு ஆர்டர் ஷீட்டின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். துணியை விட்டுப் போகாத வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில். புதுக் கடன் கிடையாது. என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுப்பது. தேதி போட்டு, வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

2017-ல் பழைய நண்பர் ஒருவர் புது யூனிட்டில் கூட்டுச் சேரக் கூப்பிட்டார். நல்ல மனிதர், நல்ல பங்கு. அவருக்கு மரியாதையாக மறுப்புச் சொல்ல எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. எழுதி வைத்திருக்காவிட்டால் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கும்.

அந்தச் சீட்டு அப்படியே இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். 2019-ல் மகளுக்குக் கல்லூரி கிடைத்தபோது புதுக் கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. ஆர்டரில் திருத்தம் வந்தால் பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதியதை எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குவோம். அதேபோல் மூன்றாவது வரியை அடித்து, "மகள் படிப்புக்கு மட்டும்" என்று எழுதினேன். பக்கத்தில் அவளையும் அவள் அம்மாவையும் கையெழுத்துப் போடச்சொன்னேன்.

போன மாதம் என்னிடம் மூன்று வருடமாகப் பழகும் பையன், யூனிட் போடப் போவதாகச் சொன்னான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் ஆட்களை அரவணைத்து வேலை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், அவனுக்கு அது வரும் என்றுதான் தோன்றுகிறது. "எத்தனை மெஷின் ஓடுனாப் போதும் கண்ணு?" என்று கேட்டேன். விரலில் ஏதோ கணக்குப் போட்டான்.

"இருபதுங்கண்ணா. அதுக்கு மேல போனா ஒவ்வொருத்தர் பேரும் எனக்கு ஞாபகம் இருக்காது."

வட்டக் கத்தியை அவன் கையில் கொடுத்து, அடுத்த ரோலைப் பிரிக்கச் சொன்னேன்.