நான்கு காலில் நின்ற யானை

தம்பி மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. என்ன கொடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. படப்புத்தகத்தில் யானை இருக்கும் பக்கம் வந்துவிட்டால் போதும், அடுத்த பக்கத்தைத் திருப்ப விடமாட்டாள். அதனால் யானைதான், அதுவும் நானே தைத்த யானை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தலையணை உறை, பை, திரைச்சீலை எல்லாம் வருஷக்கணக்காகத் தைத்திருக்கிறேன். பொம்மை தைத்ததில்லை. இணையத்தில் ஒரு யானை பேட்டர்ன், அதாவது துணியை எந்த வடிவத்தில் வெட்டவேண்டும் என்று காட்டும் படம், வாங்கி ஏ4 தாளில் அச்சடித்தேன். முதல் தாளின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது, அளந்தால் சரியாக 5 செ.மீ. வரவேண்டும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 4.7 தான் வந்தது. பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட்டிருந்தால் தையலுக்கு விடும் 6 மி.மீ. ஓரமும் சேர்ந்து சுருங்கியிருக்கும், தும்பிக்கையைத் திருப்பவே முடிந்திருக்காது. 100 சதவீதம் என்று மாற்றி மறுபடி அச்சடித்தேன்.

துணி சாம்பல் நிற கார்டுராய். அந்த வரி வரியான மேடு பள்ளத்தைப் பார்த்ததுமே யானைத் தோல் என்று தோன்றிவிட்டது. ஆனால் கார்டுராயில் ஒரு விஷயம் உண்டு. கையால் ஒரு பக்கமாக நீவினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ப்பக்கமாக நீவினால் சொரசொரக்கும். இரண்டு திசையிலும் நிறமே வேறு மாதிரி தெரியும். பேட்டர்னில் இருக்கும் அம்புக்குறி இதற்காகத்தான். எல்லாத் துண்டும் முதுகிலிருந்து பாதம் நோக்கி வழவழப்பாக இருக்கும்படி, துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, வலப்பக்கம் வெட்டியபின் தாளைக் கவிழ்த்து இடப்பக்கம் வெட்டினேன். காதின் உள்பக்கத்துக்குத் தம்பி காலேஜ் போன காலத்துக் கட்டம் போட்ட சட்டை. கார்டுராயைத் தைக்குமுன் துவைத்துக் காயவைத்தேன், சட்டைக்கு அது தேவைப்படவில்லை. சுருங்கவேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடித்த துணி.

வெட்டிக்கொண்டிருக்கும்போது மார்கரெட்டே ஸ்டைஃப் நினைவுதான். ஜெர்மனியில் வாழ்ந்த தையல்காரர். சின்ன வயதில் போலியோ வந்து நடக்க முடியாமல் போனது, வலக்கையும் சரியாக இயங்காது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தைத்துப் பிழைத்தார். ஒரு பத்திரிகையில் வந்த யானை பேட்டர்னைப் பார்த்து, 1880-ல் ஃபெல்ட் துணியில் ஊசி குத்திவைக்கும் குட்டி யானைகளைச் செய்தார். பெரியவர்கள் ஊசி குத்திவைக்க இருந்ததைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டு போய் விளையாட, இன்றைக்கும் நடக்கிற ஸ்டைஃப் பொம்மைக் கம்பெனி அதிலிருந்துதான் வளர்ந்தது. யாரோ வரைந்த பேட்டர்னை வைத்துத் தைப்பது சொந்த வேலை ஆகுமா என்று எனக்குள் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. அவரை நினைத்ததும் போய்விட்டது.

தையலுக்கு மெஷினில் 14-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை 2 மி.மீ. ஆக்கிக்கொண்டேன். பொம்மையில் பஞ்சு உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் வாய் பிளந்துவிடும். காதைச் செருகும் இடத்தில் இரண்டு முறை ஓட்டினேன். குழந்தை எதைப் பிடித்துத் தூக்கும் என்று எனக்குத் தெரியாதா!

எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்தது வயிற்றுத் துண்டு. உடம்பின் இரண்டு பக்கத்தையும் வெறுமனே சேர்த்துத் தைத்தால் யானை வடிவத்தில் ஒரு தலையணைதான் கிடைக்கும். நடுவே நான்கு கால்களின் உள்பக்கத்தோடு ஒரு துண்டு வருகிறது, அதுதான் யானையை நிற்க வைக்கிறது. அந்தத் துண்டும் நேராக இல்லை. நடுத்தையல் கொஞ்சம் வளைந்து உள்ளே போகிறது. ஏன் இப்படி என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அந்த வளைவு இல்லாவிட்டால் வயிறு அகலமாகி நான்கு கால்களும் வெளியே பரப்பிக்கொள்ளும். வளைவு துணியை உள்ளே இழுத்துக் கால்களை நேராக்குகிறது. இதை யோசித்து வரைந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

கால்களுக்கு இடையிலும் தும்பிக்கையின் அடியிலும் தையலுக்கு 2 மி.மீ. வரை கத்தரித்துவிட்டு, வயிற்று நடுவில் விட்ட 7 செ.மீ. வாய் வழியாகத் துணியைத் திருப்பினேன். தும்பிக்கைக்கு மட்டும் பென்சிலின் மொட்டை முனை தேவைப்பட்டது.

அப்புறம் பஞ்சு. முதலில் தும்பிக்கை நுனி, பிறகு பாதங்கள், கடைசியில்தான் வயிறு. சிட்டிகை சிட்டிகையாகப் பிய்த்து, உதிர்த்து, உள்ளே தள்ளவேண்டும். கைநிறைய அள்ளித் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். மேசையில் நிறுத்தினேன், இடப்பக்கம் சாய்ந்தது. பின்னங்காலில் இன்னும் கொஞ்சம் திணித்தேன். நின்றது. வயிற்றில் விட்ட வாயை மூடித் தைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் யானை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. கழுத்தில் பஞ்சு போதவில்லை. அவ்வளவு பெரிய தலையையும் தும்பிக்கையையும் தாங்குகிற இடம் அதுதான், அங்கே கல் மாதிரி இறுக்கியிருக்கவேண்டும். மூடிய தையலைப் பிரித்து, வயிற்றுப் பஞ்சைப் பாதி வெளியே எடுத்து, கழுத்தை நிரப்பி மறுபடி மூடினேன். மடிப்பின் இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து என்று ஏணிப்படி மாதிரி போட்டு இழுத்தால் நூல் உள்ளே மறைந்துவிடும். இரண்டாம் முறை முதல் முறையைவிட நன்றாகவே வந்தது.

கண்ணுக்குப் பேட்டர்னில் பிளாஸ்டிக் கண் சொல்லியிருந்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது வேண்டாம். கழன்று வாய்க்குள் போனால் தொண்டையை அடைத்துவிடும். பட்டனும் அப்படித்தான். கறுப்பு எம்பிராய்டரி நூலில் தைப்பது என்று முடிவு செய்து, எங்கே வைப்பது என்று பார்க்க இரண்டு குண்டூசிகளைக் குத்தினேன். பேட்டர்ன் காட்டிய இடத்தில் வைத்தால் வயதான யானை, ஏதோ கோபத்தில் இருப்பது போல. ஒரு செ.மீ. கீழே இறக்கித் தும்பிக்கைப் பக்கம் நகர்த்தினேன், குட்டி யானையாகிவிட்டது. அதே முகம்தான்! சரி, இங்கேதான் என்று தைத்து, கறுப்பின் மேல் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு குத்து. அந்தப் புள்ளி விழுந்ததும் அது என்னைப் பார்த்தது.

கடைசியாகக் குண்டூசிகளை எண்ணினேன். ஆரம்பத்தில் எண்ணி வைத்தது 24. திரும்பவும் 24 இருந்தது. அது சரியாக இல்லாமல் கொடுத்திருக்கவே மாட்டேன்.

அவள் யானையை வாங்கிக்கொண்டு முதலில் தும்பிக்கையைக் கன்னத்தில் தேய்த்தாள். பிறகு காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதமாக அந்த ஒரு காதுதான் கைப்பிடி. சட்டைத் துணி வெளுத்துவிட்டது, தையல் அப்படியே இருக்கிறது.

வால்தான் போன வாரம் கழன்றது. வீட்டுக்குப் போனபோது, பின்னிய அந்த நூல் வாலை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்தேன். ஊசியைப் பார்த்தவள் ஓடி வந்து தும்பிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, யானைக்கு வலிக்குமா?"

"நீ பிடிச்சிருக்கேல்ல, வலிக்காது."

விடவில்லை. நான் முடிச்சுப் போட்டு நூலை அறுக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.