ஈப்போ போனால் கிந்தாவையும் சுற்றி வாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகிறவர்களில் பலர், பழைய நகரச் சுவரோவியங்களின் முன் படம் எடுத்து, வெள்ளைக் காப்பி குடித்து, மாலை ரயிலிலேயே திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரம் ஈயப் பணத்தில் எழுந்தது. ஈயம் கிடைத்த கிந்தாப் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் வருவது பாதிப் பயணம்தான். ஓர் இரவு தங்குங்கள்.

கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் என்ற மின்ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையிலும் தைப்பூசம், தீபாவளி சமயத்திலும் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரு வழிக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பத்து காஜா நிலையம் ஈப்போவுக்கு முன்பே வருகிறதே என்று அங்கே இறங்கினால் வண்டிக்குத் திண்டாட வேண்டும். ஈப்போவிலேயே கார் வாடகைக்கு எடுப்பது நல்லது. கிராப் வாடகை வண்டி என்றால், கூடவே இருந்து திரும்ப அழைத்து வரும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசி முடியுங்கள். போவதற்கு வண்டி கிடைக்கும், வருவதற்குத்தான் கிடைக்காது.

காலையில் லஹாட் சாலையைப் பிடியுங்கள். முதலில் பாப்பான் என்ற சிற்றூர். பாதி இடிந்த கடைவீடுகளுக்கு நடுவே 74ஆம் எண் வீடு, சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்திய இடம். ஜப்பானியர் காலத்தில் அவர்களை எதிர்த்த காட்டுப் போராளிகளுக்கு சிபில் ரகசியமாக வைத்தியம் பார்த்தார். வானொலிப் பெட்டியை மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார். பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானபோதும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. 1948இல் காலமானார். வீடு பூட்டியிருந்தாலும் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அழைத்து வர வேண்டிய இடம் இது.

பூசிங், பத்து காஜா தாண்டி தஞ்சோங் துவாலாங் சாலையில் போனால் 1938இல் கட்டிய ஈயக் கப்பல் நிற்கிறது. தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்த இயந்திரம் அது. சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகள் முன்பக்கம் அடிமண்ணை அள்ளி மேலே கொண்டு வரும். சுழலும் சல்லடை கல்லைப் பிரிக்கும். கனமான ஈயத்தாது அடியில் தங்க, மிச்சச் சேறும் மணலும் பின்பக்கம் கொட்டப்படும். இப்படியே குளமும் கப்பலோடு நகர்ந்தது. கிந்தா முழுக்கக் குட்டைகளும் மணல் திடல்களும் கிடப்பது ஈயம் தோண்டியதால்தான். ஒரு வாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் கப்பல் எவ்வளவு பெரியது என்பது தானாகப் புரியும்.

திரும்பும்போது கோப்பெங் சாலையில் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடியாமலே நின்றுவிட்டது. மின்தூக்கிக்கு விட்ட குழி இன்னும் அப்படியே இருக்கிறது. படிகள் குறுகல், மொட்டை மாடியில் நிழல் கிடையாது. பதினொரு மணிக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள். வேலை செய்த தமிழர்கள் கொள்ளை நோயில் மாண்டபோது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் கெல்லி மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். அதன் கூரைமேல் தெய்வச் சிலைகளோடு தொப்பி போட்ட வெள்ளைக்காரர் சிலையும் உண்டு. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கோயிலை விட்டுவிடாதீர்கள். கட்டியவர்களின் கதை இங்கேதான் இருக்கிறது.

நகரத்துக்கு மாலை போதும். 1917இல் முடிந்த ரயில் நிலையம் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்தது. கோலாலம்பூர் பழைய நிலையமும் அவர் கைவண்ணமே. 1909இல் எழுப்பிய பர்ச் மணிக்கூண்டு பக்கத்திலேயே. பழைய காப்பிக் கடைகள் பல மதியத்துக்குப் பின் மூடிவிடும், அதனால் காப்பியை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

மறுநாள் ஈப்போவின் புந்தோங் வட்டாரம். கச்சான் பூத்தே கடைகளில் முறுக்கு, ஓமப்பொடி, கடலை எல்லாம் சுவை பார்த்தே வாங்கலாம். காற்றுப் புகாமல் கட்டித் தரச் சொல்லுங்கள். ஈரக்காற்று பட்டால் மறுநாளே நமுத்துவிடும். தைப்பூசத்தன்று மட்டும் வண்டியோடு இந்தப் பக்கம் வர வேண்டாம். கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகள் புறப்படுவது இங்கிருந்துதான்; நடந்துதான் நகர முடியும்.