எங்கள் டவுனின் ஒன்பது மாடியும் ஒரு விறாந்தையும்

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய கடை வரிசையை உடைத்தபோது எங்கள் டவுனில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. துருப்பிடித்த தகரக் கூரை, பாசி படிந்த சுவர், பின்பக்கம் முழுக்க ஒழுக்கு. ஆனால் அந்த வரிசைக்கு முன்னால் ஒரு விறாந்தை இருந்தது. ஆறடி அகலம் இருக்கும். சம்பள நாளில் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் மாவும் பருப்பும் சீனியும் வாங்கிய உரப்பைகளை அங்கே இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் அங்கேதான் ஒதுங்கும். மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் மழை லேசில் விடாது. விறாந்தை போன பிறகு வந்த முதல் மழையில்தான், அத்தனை பேரும் எங்கே நின்றிருந்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

நான் அதே வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பது, அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கடிதம் அடித்துக் கொடுப்பது, இதுதான் வேலை. ஊரின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. இலங்கை மலையகத்தில் இப்போது பல டவுன்களில் இதே மாதிரி உயர்ந்த கட்டடங்கள் வருகின்றன. உங்கள் ஊரில் வரும்போது என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

2024 ஜூலையில் தகரவேலிக்கு மேல் பெரிய படம் ஒன்று ஏறியது. ஒன்பது மாடி, முழுக்க நீலக் கண்ணாடி, உச்சியில் உணவகம். அன்றைக்கு டவுனில் வேறு பேச்சே இல்லை. இளம் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்; லிஃப்ட் வரும், நல்ல கடை வரும், வேலை கிடைக்கும் என்றார்கள். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வியாபாரம் போய்விடும் என்று பயம். வயதானவர்கள் மண்ணைப் பற்றிப் பேசினார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. சரிவை வெட்டும் எந்த வேலையைப் பார்த்தாலும் அந்த நினைவு வரும், அது நியாயம்தான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எல்லோரும் அண்ணாந்து பார்த்தே பேசிக்கொண்டிருந்தோம். ஒன்பது மாடி கூடுதலா, ஏழு போதுமா, மலை மறைந்துவிடுமா என்று.

படத்தைக் கீழ்நோக்கிப் பார்க்க வைத்தவர் கொப்பி எடுக்க வந்த ஓர் அக்கா. மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவர். நனைந்த தலையைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “மழைக்கு எங்க நிக்கிறதுன்னு அதுல போட்டிருக்கா தங்கச்சி?” நான் வெளியே போய்ப் பார்த்தேன். படத்தின் அடிப்பகுதியில் இரண்டு கார், ஒரு பனை மரம், நாலைந்து மனித நிழல். எங்கள் டவுனில் பனையே கிடையாது.

முதலில் நாங்கள் செய்தது தப்பு. கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து உள்ளூராட்சி சபைக்கு ஒரு மகஜர் எழுதினார்கள். நான்தான் அடித்துக் கொடுத்தேன். “இந்தக் கட்டடம் எங்கள் ஊருக்குப் பொருத்தமற்றது, அனுமதிக்கக் கூடாது” என்று இரண்டு பக்கம். 300க்கு மேல் கையெழுத்து. அதற்குப் பதிலே வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, தனியார் காணியில் சட்டப்படி விண்ணப்பித்திருக்கிறார்கள், பொருத்தமற்றது என்றால் எந்த விதிப்படி என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. அந்த நேரம் கேட்டுச் சொல்ல உறுப்பினர்களும் இல்லை. உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடையில் எல்லாமே உத்தியோகத்தர்கள் கையில்.

அப்புறம்தான் ஒரு ஓய்வுபெற்ற படவரைஞரிடம் போனேன். சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார், என் கடைக்குப் பேப்பர் வாங்க வருபவர். அந்த மஹத்தயா (ஐயா) சொன்ன முதல் விஷயம், “வேலிப் படம் விளம்பரம். அதைப் பார்த்து எழுதாதீங்க. சபைக்குக் கொடுத்த வரைபடத்தைக் கேளுங்க.”

நடைமுறை இதுதான். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் பிரகடனப்படுத்திய பகுதிக்குள் கட்டுவதற்கு அபிவிருத்தி அனுமதி வேண்டும். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியும், பெரிய வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் சேர வேண்டும். கட்டி முடித்த பிறகு, அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று இணக்கச் சான்றிதழ் எடுத்தால்தான் அதற்குள் குடிபுகலாம். இந்தப் பாதையில் எங்கேயும் எங்களை மாதிரி ஆட்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கவில்லை. சுற்றாடல் மதிப்பீடு தேவைப்படும் பெரிய திட்டங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு உண்டு. எங்கள் கட்டடத்துக்கு அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே நாமாகத்தான் போக வேண்டும், அதுவும் அனுமதி கொடுப்பதற்கு முன்னால்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததும் கையோடு பற்றுச்சீட்டு மாதிரி ஓர் எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், நாள் எண்ண அது தேவை. பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது என்று மரியாதையாக எழுதிக் கேட்டேன், தமிழில் அனுப்பினார்கள். வரைபடம் கட்டடக் கலைஞரின் சொத்து, தர முடியாது என்று அதில் இருந்தது. 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்தேன். குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு. முழுக் கட்டடத்தின் வரைபடமும் வேண்டாம், வீதியைத் தொடும் பகுதி மட்டும் போதும், அந்த நடைபாதை பொதுச் சொத்து என்று எழுதினேன். மூன்று வாரத்தில் தரைத்தளத் திட்டமும் முன்புறத் தோற்றமும் கிடைத்தன. இரண்டே தாள்.

அந்தத் தாள்களை என் கடை மேசையில் விரித்து வைத்து மஹத்தயா அளவுகோலைக் கொடுத்தார். ஒன்றுக்கு நூறு என்றால் தாளில் ஒரு சென்டிமீற்றர், தரையில் ஒரு மீற்றர். இவ்வளவுதான், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வீதியோர முகப்பு 30 மீற்றர். அதில் கார் உள்ளே போக 6 மீற்றர் வாசல் ஒன்று, வெளியே வர இன்னொரு 6 மீற்றர். ஜெனரேட்டர் அறைக்கும் குப்பை அறைக்கும் சேர்த்து 9 மீற்றர் வெறும் சுவர். மீதி 9 மீற்றர் நடுவில் கண்ணாடிக் கதவு, அதற்கு ஏற ஐந்து படி. மழைக்கு ஒரு சாண் கூட மறைப்பு இல்லை. விறாந்தையில் பத்துக் கடை இருந்த இடத்தில், நடந்து போகிற ஒருவர் கையை நீட்டித் தொடக்கூடிய ஒரு கடை கூட இல்லை.

எங்கள் வீதி சரிவு. அந்த 30 மீற்றருக்குள் ஒன்றரை மீற்றர் இறங்குகிறது. பழைய கடைகளைக் கட்டியவர்கள் ஒவ்வொரு கடையையும் முந்தியதை விட ஒரு படி தாழ்த்திக் கட்டியிருந்தார்கள், அதனால் எந்தக் கடைக்கும் நேராக நுழையலாம். புதிய வரைபடத்தில் தளம் ஒரே மட்டம். வீதி இறங்க இறங்கக் கட்டடம் நம்மை விட்டு உயர்ந்துகொண்டே போகிறது. நடுவில் வரும்போது 75 சென்டிமீற்றர் உயரம், அதுதான் ஐந்து படி.

படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம் கீறியிருந்தது. மூன்று மீற்றர் நீளம். மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களுக்குள் தடையில்லாமல் போய்வருவதற்கு 2006இலேயே ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. 75 சென்டிமீற்றர் ஏற 9 மீற்றர் வேண்டும். மூன்று மீற்றரில் போட்டால் அது ஏற்றம் இல்லை, மதில். பஸ் நிலையத்தில் சக்கர வண்டியில் லொத்தர் விற்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “மேல ஒன்பது மாடி இருந்தா எனக்கென்ன தங்கச்சி, நான் முதல் படியிலேயே நின்னுருவேனே” என்றார். அடுத்து எழுதிய கடிதத்தில் அவருடைய கையெழுத்துத்தான் முதலாவது.

அதற்கு முன் ஒரு வேலை செய்தோம். ஒரு சம்பள நாளில், மாலை நான்கிலிருந்து ஐந்து வரை, ஏ.எல். படிக்கும் இரண்டு பிள்ளைகளை வேலியோரம் நிற்க வைத்து, நடந்து போகிறவர்களை எண்ணச் சொன்னேன். பிள்ளைகள் ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணிய கணக்கு 640. அதில் பாதிப் பேருக்கு மேல் கையில் மூட்டையோ, இடுப்பில் பிள்ளையோ. அந்தக் கோடு போட்ட தாளை அப்படியே கொப்பி எடுத்துக் கடிதத்தோடு இணைத்தேன்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். கட்டடம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று விஷயம் கேட்டோம். மேல்மாடிகளைத் தொடாமல், கீழே மட்டும் முகப்பை இரண்டரை மீற்றர் உள்ளே தள்ளி விறாந்தை விடுங்கள். பிரதான வாசலை வீதியும் தளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் மேல் முனைக்கு மாற்றுங்கள், படியும் வேண்டாம் சாய்தளமும் வேண்டாம். கார் வழியில் ஒன்றையாவது பின் ஒழுங்கைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அளவு, வரைபடத்தின் தாள் இலக்கம். சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் உரிமையாளருக்கும் பதிவுத் தபாலில் போட்டோம்.

மூன்று வாரத்தில் கூப்பிட்டார்கள். சின்ன அறை, உரிமையாளரின் பொறியியலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாங்கள் நான்கு பேர். எனக்குக் கை நடுங்கியது. பொறியியலாளர் மோசமான ஆள் இல்லை. ஆனால் தரைத்தளம்தான் அதிக வாடகை தரும் இடம், அதில் இரண்டரை மீற்றர் விட்டால் நட்டம் என்றார். மஹத்தயா நிதானமாகப் பேசினார். கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதிப் பக்கம் கார்கில்ஸ் சிவப்புக் கட்டடத்தின் கீழே வளைவுகளுக்குள் நடந்திருக்கிறீர்களா என்று கேட்டார். மழை நேரம் ஆட்கள் எங்கே ஒதுங்குவார்கள், ஒதுங்கியவர்கள் எந்தக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேட்டார். அதுவரை எங்களைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர், அதற்குப் பிறகு பென்சிலை எடுத்தார். மேல் முனை வாசல் விஷயத்தில் அவரே, “நடுவில் இருந்தால் பார்க்க அழகு என்று வைத்தோம், வேறு காரணம் இல்லை” என்று ஒப்புக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. திருத்திய வரைபடத்தில் விறாந்தை இருக்கிறது, ஆனால் 1.8 மீற்றர்தான், பழைய ஆறடி அளவுக்குத்தான் வந்தது. வாசல் மேல் முனைக்குப் போனது. ஜெனரேட்டர் அறை பின்னால் போனது. நடுவில் ஒன்றுக்கொன்று தாழ்ந்த இரண்டு சின்னக் கடைகள் வீதியைப் பார்த்துத் திறக்கின்றன. கார் வெளியேறும் வழி ஒழுங்கைக்கு மாறியது, ஆனால் உள்ளே போகும் 6 மீற்றர் வாசல் இன்னும் நடைபாதையை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விடும் நேரம் அங்கே ஓர் ஆள் நின்று காரை மறிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம். உட்கார ஒரு வாங்கு கேட்டோம், மறுத்துவிட்டார்கள். பழைய விறாந்தையின் ஓரத்தில் கீரைக் கட்டு வைத்து விற்ற இரண்டு ஆச்சிமாருக்கு இடம் எங்கேயும் இல்லை. அதை நான் கடிதத்தில் சேர்க்கவில்லை, அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோதுதான் நினைவு வந்தது. இன்றைக்கும் அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் இப்போது பஸ் நிலையத்தின் பின்பக்கம் மழையில் பொலித்தீன் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். புதிய உறுப்பினரிடம் அவர்களைக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறேன்.

மண் விஷயத்தையும் விட்டுவிடவில்லை. அதற்குத் தனியாக இன்னொரு தகவல் விண்ணப்பம் போட்டோம், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விதித்த நிபந்தனைகளின் பிரதி கேட்டு. பின்பக்கத் தாங்குசுவரும் நீர் வடியும் கானும் அதில் விவரமாக இருக்கின்றன. ஒழுங்கையில் குடியிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு கொப்பி கொடுத்தேன்.

இப்போது நான்காவது மாடிக் கொங்கிறீற் போகிறது. விறாந்தைத் தூண்கள் எழுந்துவிட்டன. போன வாரம் மழையில், வேலை நிறுத்தியிருந்த நேரம், தகரவேலியின் இடைவெளி வழியாக நாலைந்து பிள்ளைகள் உள்ளே நுழைந்து அந்தத் தூண்களுக்கு இடையில் நின்றார்கள். காவற்காரர் விரட்டினார், அது அவருடைய வேலை, மேலே கம்பி கட்டுகிறார்கள். நான் மழை விட்ட பிறகு அளவு நாடாவோடு போய், அவரிடம் கேட்டுக்கொண்டு, தூணிலிருந்து சுவர் வரை பிடித்துப் பார்த்தேன். 1.8 மீற்றர் சரியாக இருக்கிறது. இணக்கச் சான்றிதழுக்குப் பார்க்க வரும் நாள் வரைக்கும் மாதம் ஒரு தடவை அளப்பேன். அனுமதித்த வரைபடத்தின் பிரதி என் கடை லாச்சியில், பச்சை ஃபைலில் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் காட்டுவேன், கொப்பிக்குக் காசு வாங்க மாட்டேன்.