மருதாணி காயும் நேரம்

ரெண்டு கையிலும் மருதாணி. டம்ளரைப் பிடிக்க முடியாமல் கல்யாணப் பொண்ணு வாயைத் திறந்து காட்டுகிறாள். ஊதி ஊதி நான் காபி புகட்டுகிறேன்.

நேற்று 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேலத்து வெக்கையைக் கீழேயே விட்டுவிட்டு ஏற்காடு வந்தோம். நாளை மறுநாள் கல்யாணம்.

ரிசார்ட்டைச் சுற்றிலும் காபித் தோட்டம். கோடை மழை ஒன்று பெய்ததும் மொத்தச் செடியும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மல்லிகை வாசம். சில நாளில் உதிர்ந்துவிடுமாம். சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக் கொடி.

மண்டபத்துக்கு வந்து, மொய் எழுதி, சாப்பிட்டு, பஸ் ஏறிய கல்யாணங்கள்தான் எத்தனை! பொண்ணோடு ஒரு வார்த்தை பேசியிருப்போமா?

சாயங்காலம் லேடீஸ் சீட் என்கிற மலை விளிம்புக் காட்சிமுனையில் நின்றோம். கீழே சேலம் முழுக்க விளக்கு.

"எங்க வீடு எந்தப் பக்கம்டி?" என்று தேடிக்கொண்டே இருந்தாள்.