ராத்திரி 'டொம்' சத்தம்: எல்லோரும் கேட்டோம், யாரும் கண்டுபிடிக்க வரவில்லை

இரவில் மட்டும் கேட்கிற சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுத்தால், விசாரிக்க வருகிறவர்கள் பகலில்தான் வருவார்கள். சுவரை இரண்டு தட்டு தட்டுவார்கள், 'ஒண்ணும் கேக்கலையே' என்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த 'டொம்'முக்குக் காரணம் தெரிய இவ்வளவு காலம் பிடித்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மேல் மாடியில் யாரோ கனமான பீரோவைச் சாய்த்துவிட்டது போன்ற ஒரே ஒரு அடி. உடனே சுவரில் லேசாக ஓர் அதிர்வு. அவ்வளவுதான். ஆனால் நல்ல தூக்கத்தில் இருப்பவரை எழுப்பி உட்கார வைக்க அது போதும்.

பராமரிப்பு அலுவலகத்தில் சொன்னபோது, 'மேல் வீட்டுக்காரங்ககிட்ட பேசிப் பாருங்க' என்று முடித்துவிட்டார்கள். பேசினேன். அந்த அம்மா, 'அது எங்களுக்கும் மேல இருந்து வருதுன்னுல்ல நெனச்சோம்' என்றார். அவர்களுக்கு மேலே மொட்டை மாடிதான். கீழ் வீட்டுக்காரரோ, நாங்கள்தான் நடுராத்திரியில் சாமான்களை நகர்த்துகிறோம் என்று ரொம்ப நாளாகவே எங்கள் மேல் கோபத்தில் இருந்திருக்கிறார். கான்கிரீட் வழியாக ஒலி, காற்றில் போவதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் ஓடும். அறையின் சுவர், கூரை எல்லாம் சேர்ந்து அதிர்வதால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காது சரியாகச் சொல்லாது. ஆகவே சத்தத்தின் திசையை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள், அதுதான் கடைசியில் கைகொடுக்கும்.

வீட்டிலேயே ஒரு தரப்பு, 'உனக்கு மட்டும்தான் கேக்குதோ என்னமோ' என்று ஆரம்பித்தது. அப்படியும் நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். தூங்கப் போகிற தருணத்தில் தலைக்குள்ளேயே வெடிச் சத்தம் கேட்கிற நிலை ஒன்று உண்டு. வலி இருக்காது, ஆபத்தும் கிடையாது. 1988-இல் பியர்ஸ் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் அதற்கு 'எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம்' என்று பெயர் கொடுத்தார். அதுவா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, வேறு யாருக்காவது கேட்டதா, கருவியில் பதிந்ததா என்று பார்ப்பது. எங்கள் விஷயத்தில் மூன்று மாடிக்கும் கேட்டிருந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பதிவு செய்வதில் ஒரு விஷயம். செல்போனில் இருக்கிற ரெக்கார்டர்களில் பல, மனிதக் குரலுக்காகவே செய்யப்பட்டவை. 'டொம்' மாதிரியான தாழ்ந்த ஒலியை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற 'வேவ்' கோப்பாகப் பதிவு செய்யுங்கள். சத்தம் வந்தால் மட்டும் பதிவைத் தொடங்கும் செயலிகள் இதற்கு உதவாது; சத்தத்துக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம், அது அவற்றில் தவறிவிடும். போனை மெத்தையில் வைக்காமல் தரையில் வைத்தால் அதிர்வும் சேர்ந்து பதிவாகும். ராத்திரி முழுக்கப் பதிந்ததை உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால், சத்தம் வந்த இடம் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று, பதிவை அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன் தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். வீட்டுப் பேச்சு, குறட்டை எல்லாம் அதில் இருக்கும்.

அந்த ஊசிக்கு முன்னால்தான் துப்பு கிடைத்தது. ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது எந்த அதிர்வெண் ஒலி எப்போது இருந்தது என்று காட்டும் படத்தில், ஒரு மெல்லிய கோடு நீளமாக ஓடிவந்து சட்டென்று நின்றது. அடுத்த கணம் 'டொம்'. மின்மோட்டார்களின் ரீங்காரம் பெரும்பாலும் மின்சார அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கில் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் 100, 60 என்றால் 120. கோடு சரியாக அந்த இடத்தில் இருந்தது. அதாவது, ஒரு மோட்டார் நின்றவுடன் சத்தம் வருகிறது.

மொட்டை மாடியில் இருக்கிற தகரக் கூரைதான் காரணம் என்று அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படியும் நடக்கக்கூடியதுதான். ஆறு மீட்டர் அலுமினியத் தகடு 20 டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். திருகில் மாட்டிக்கொண்டு, பிறகு வழுக்கும்போது சத்தம் வரும். ஆனால் அது வெயில் இறங்கிய பிறகு வரிசையாக வரும், மேகமில்லாத இரவில் அதிகமாக வரும். எங்களுடையது விடாமல் மழை பெய்த இரவுகளிலும் வந்தது. என் நேரக் குறிப்பைக் காட்டியதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் குடியிருப்பில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எந்தெந்த நேரம் ஓடியது என்ற பதிவேட்டைக் கேட்டேன். எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, கடிதம் வாங்கியவர் விடுப்பில் இருந்தார், கடிதத்தைக் காணோம். எனவே சொல்கிறேன்: எதைக் கொடுத்தாலும் நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் பிளம்பரை அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக் குழாய்களைத் திறந்து சட்டென்று மூடிப் பார்த்தார். நல்ல சோதனைதான், ஆனால் சத்தம் வரவில்லை. 'பைப்ல காத்து மாட்டியிருக்கு' என்று சொல்லிவிட்டு, நன்றாக இருந்த ஒரு குழாயை இறுக்கிவிட்டுப் போனார். மோட்டார் அறையையும் பார்த்தாராம். என்ன பார்த்திருப்பார்? பிறகுதான் தெரிந்தது, பிளம்பர் வருகிறார் என்பதால் பாதுகாப்புக்காக மோட்டாரை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தார்கள். மோட்டார் நிற்கும்போது வருகிற சத்தத்தை, ஓடாத மோட்டாரை வைத்துத் தேடியிருக்கிறார்கள்!

முடிச்சை அவிழ்த்தவர் இரவுக் காவலர். 'மோட்டார் ரூம் பக்கம்தான் சார், டேங்க் நெறஞ்சு மோட்டார் நிக்கறப்ப வரும். பகல்லயும்தான் வருது, இருக்கிற இரைச்சல்ல யாருக்குக் கேக்குது?' என்றார். 'ஏன் அண்ணே இத்தனை நாளா சொல்லலை?' என்றால், 'யாரும் கேக்கலையே சார்' என்கிறார்.

அன்றே சோதித்தோம். நான் வீட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், அவர் கீழே மோட்டாரைக் கையால் இயக்கி நிறுத்தினார். நிறுத்தியதும் 'டொம்'. மறுபடியும் செய்யச் சொன்னேன். மறுபடியும் 'டொம்'. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

விஷயம் இதுதான். மோட்டார் நின்றதும், தொட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் செக் வால்வு, பிளம்பர்கள் என்.ஆர்.வி. என்று சொல்வது. எங்களுடையதில் கதவு தேய்ந்து, தாமதமாக மூடியது. அதற்குள் தண்ணீர் வேகமெடுத்துவிடும். அப்போது கதவு அறைந்து சாத்தினால் ஒரே அடியாக நிற்கும். ரஷ்ய விஞ்ஞானி ஜூக்கோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட கணக்குப்படி, இரும்புக் குழாயில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 12 மடங்கு, எகிறும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் அதில் இதைவிடக் குறைவு. எங்கள் படுக்கையறைச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு கிளாம்ப் தளர்ந்து, குழாய் நேராகச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் எங்களுக்கு மட்டும் அவ்வளவு பலமாகக் கேட்டிருக்கிறது.

ஸ்பிரிங் வைத்த வால்வு மாற்றி, கிளாம்ப்புகளுக்கு ரப்பர் வைத்து இறுக்க ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இந்தத் தடவை, பிளம்பர் கிளம்பும் முன் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்திக் காட்டச் சொன்னேன். நீங்களும் அதைச் செய்யாமல் அனுப்பாதீர்கள். வால்வு மாற்றிய தேதியை மோட்டார் அறைச் சுவரிலேயே எழுதவும் சொன்னேன். ஸ்பிரிங்கும் ஒருநாள் தளரும்.

ஒரு எச்சரிக்கை: சத்தத்தோடு கேஸ் வாடை, கருகல் வாடை, சுவரில் புது விரிசல் என்று எது இருந்தாலும் ரெக்கார்டர் வைத்து ஆராய்ச்சி வேண்டாம். வெளியே வந்து உரியவர்களைக் கூப்பிடுங்கள்.

அலுவலக அறிவிப்புப் பலகையில் இந்த வேலையை 'வழக்கமான பராமரிப்பு' என்று போட்டிருந்தார்கள். கீழ் வீட்டுக்காரர் அதை நம்பவில்லை. தான் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் சாமான் நகர்த்துவதை நிறுத்திவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.