பான் பச்சை, நெட் இல்லை

மழை விட்டு கரண்ட் வந்தது. ஃபேன், மோட்டார், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஓடுகிறது, எங்கள் நெட் மட்டும் வரவில்லை. கஸ்டமர் கேரில், "ரௌட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." காலையிலிருந்து அதைத்தானம்மா செய்கிறேன்!

ஃபைபர் வைத்திருப்பவர்கள் முதலில் ரௌட்டரில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். எல்.ஓ.எஸ். (LOS, சிக்னல் இல்லை என்று சொல்லும் விளக்கு) சிவப்பாக மினுங்கினால் ஒளியே வீட்டுக்குள் வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கும், இல்லை பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கும். ரீஸ்டார்ட் செய்து புண்ணியமில்லை.

எங்களுக்கு பான் (PON, ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும்) விளக்கு அசையாமல் பச்சையில் நின்றது. சரி, லைனில் குறை இல்லை. ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1-க்குள் போய்ப் பார்த்தால் பி.பி.பி.ஓ.இ. (PPPoE, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டுக்குள் நுழைகிற லாகின்) "டிஸ்கனெக்டட்". கரண்ட் பொசுக்கென்று போகும்போது பழைய செஷன், அதாவது முந்தைய லாகின், நெட் கம்பெனியின் சர்வரிலேயே தொங்கி நிற்பதுண்டு. அது கழன்றால்தான் புது லாகினை உள்ளே விடும். "செஷனை கிளியர் பண்ணுங்க" என்று கேட்டதும் கஸ்டமர் கேர் பெண்ணின் குரலே மாறிவிட்டது. டீ ஆறுவதற்குள் நெட் வந்துவிட்டது.

ரௌட்டரின் பின்பக்கம் குண்டூசி நுழைகிற ரீசெட் ஓட்டையை மட்டும் அவசரப்பட்டுக் குத்தாதீர்கள். லாகின் விவரமெல்லாம் அழிந்துபோகும், அப்புறம் ஆள் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.